பித்தளைத் தட்டில் இரண்டு கார்டுகள்

ஜோகூர் பாருவை ஒட்டிய தம்போயில் உள்ள ஸ்கேன் மையத்துக்கு நான் எழுதிக்கொடுத்த நடைமுறைக் கையேடு பதினான்கு பக்கம். சர்வர் பெட்டியைத் திறப்பது எப்படி என்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. மூடுவது எப்படி என்று ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. இடையில் உள்ள ஆறாம் பக்கத்தில்தான் என் கணவரின் நுரையீரல் தொலைந்துபோனது. நுரையீரலின் படம் என்று சொல்ல வேண்டும். ஆனால் பிறகு நுரையீரல் டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

அரசு அலுவலகம் ஒன்றின் கணினிப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவள் நான். கையெழுத்து இல்லாமல் ஒரு கேபிளைக்கூடப் பிடுங்க விடமாட்டாள் என்று பெயர். ஓய்வு பெற்ற நாளில் சக ஊழியர்கள் எனக்கு ஒரு ரப்பர் முத்திரை பரிசளித்தார்கள். ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அதில் செதுக்கியிருந்தது. கிண்டலுக்குத்தான் கொடுத்தார்கள். எனக்கு அது மிகவும் உபயோகமாக இருந்தது.

என் கணவர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். விசில் ஊதினால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்புகிறவர். வீட்டில் என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஸ்கேன் மையம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். கீழே டயர் கடை, மாடியில் மையம். முதலாளிக்கு நாற்பது வயதிருக்கும், செட்டிநாட்டுக் குடும்பம், நல்ல மனிதர். ஒருநாள் கோயிலில் பார்த்து, “அன்ட்டி, படம் தெறக்கவே மாட்டேங்குது. ஒரு நெஞ்சு ஸ்கேன் தெறக்குறதுக்குள்ள டாக்டர் காப்பி குடிச்சிட்டு வந்துடுறாரு. வந்து பாருங்க லா” என்றார். போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம்.

அங்கே இருந்தது ஒரே ஒரு சர்வர் பெட்டி. அதற்குள் மென்பொருளாலேயே செய்த இரண்டு கணினிகள் ஓடின. மெய்நிகர் கணினி என்று பாடப் புத்தகத்தில் எழுதுவார்கள். நாங்கள் விஎம் என்போம். ஒரு விஎம் நோயாளிகளின் ஸ்கேன் படங்களை வைத்திருந்தது. இன்னொன்று எட்டுக் கண்காணிப்புக் கேமராக்களின் வீடியோவைப் பதிவு செய்தது. இரண்டுக்கும் மேலே ஒரு நிர்வாக மென்பொருள். விஎம் எதை எடுத்தாலும் வைத்தாலும் அதன் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போக வேண்டும்.

என் அப்பா பால் மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தா, ஒருவர் இருந்தார். கத்தி வேண்டுமா, வாளி வேண்டுமா, அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, புத்தகத்தில் எழுதி, பிறகு எழுந்து போய் எடுத்துவருவார். அந்த நிர்வாக மென்பொருள் அப்படிப்பட்ட ஒரு கிராணி. இரண்டு விஎம்களும் அவர் மேசை முன்னால் வரிசையில் நின்றன. படம் தாமதமானதற்குக் காரணம் அதுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. சூயிங்கம் பட்டை அளவில் இப்போது வேகமான டிஸ்க்குகள் வருகின்றன. அதை ஒரு கார்டில் பொருத்தி, சர்வருக்குள் இருக்கும் ஸ்லாட்டில் செருகி, கிராணியை நடுவிலிருந்து விலக்கிவிட்டு, டிஸ்க்கை அப்படியே ஒரு விஎம்மின் கையில் கொடுத்துவிடலாம். ஸ்டோர் சாவியையே தொழிலாளியிடம் கொடுப்பது மாதிரி. வேகம் பறக்கும்.

ஆனால் கிராணி விலகினால் அவருடைய புத்தகமும் விலகிவிடுகிறது. தினமும் எடுக்கும் பேக்கப், அவர் புத்தகத்தில் இருப்பதை மட்டுமே நகல் எடுக்கும். நேரடியாகக் கொடுத்த டிஸ்க்கை அது தொடாது. தொடவில்லை என்று சத்தம் போட்டுச் சொல்லவும் செய்யாது. இதைக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் எழுதினேன். படங்களை நகல் எடுக்கத் தனியாக ஒரு பெட்டி வேண்டும் என்றும் எழுதினேன்.

“அடுத்த மாசம் வாங்கிடலாம் அன்ட்டி, கண்டிப்பா” என்றார் முதலாளி.

அலுவலகத்தில் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே தேநீரும் மசால் வடையும் மேசைக்கு வந்திருந்தன. முத்திரையைக் குத்தினேன்.

டிஸ்க் ஒன்று வாங்கப் போனவர் இரண்டாக வாங்கிவந்தார். கேமராவுக்கும் அதே மாதிரி ஒன்று. இடது ஸ்லாட்டில் இருப்பது படங்களுக்கு, வலது ஸ்லாட்டில் இருப்பது கேமராவுக்கு என்று எழுதிவைத்தேன். கணினிக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். எந்த ஸ்லாட் என்று மட்டும் அது பார்க்கும். அதில் செருகியிருக்கும் டிஸ்க் எது, அதற்குள் யாருடைய நெஞ்சு இருக்கிறது என்று கேட்காது.

முதல் படத்தைத் திறந்தது ஸ்கேன் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி. மாசாயிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருபவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

“அக்கா, பட்டன அமுக்குறதுக்கு முன்னாடியே படம் வந்து நிக்குது! பேய் கீய் ஏதும் உள்ள இருக்கா?”

எல்லோரும் சிரித்தோம்.

அவர் மோட்டார் முந்தின வருடம் வாசலிலேயே திருடுபோயிருந்தது. கேமரா எட்டும் இருந்தன. வீடியோ மட்டும் இல்லை. பழைய டிஸ்க் பழுதாகி, ‘இதை அழித்துப் புதிதாகத் தயார் செய்யலாமா?’ என்று பதிவு மென்பொருள் திரையில் கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லாததால் நாலு நாள் சும்மா இருந்திருக்கிறது. முதலாளிக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. “அது ஏன் அன்ட்டி நம்மளக் கேள்வி கேக்குது? கேக்காம செய்யச் சொல்லுங்க” என்றார். அப்படியே மாற்றிக் கொடுத்தேன். தெரியாத டிஸ்க் வந்தால் கேட்காமல் அழி, உடனே பதிவு செய். பக்கம் பன்னிரண்டு.

நோயாளிகளுக்குப் படத்தை சிடியில் கொடுக்கும் வழக்கத்தையும் நான்தான் நிறுத்தினேன். படம் ஓரிடத்தில், ஒரே பிரதியாக, கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று காரணம் எழுதினேன். நல்ல வாக்கியம். இப்போதும் மனப்பாடமாக இருக்கிறது.

அந்தத் தீபாவளிக்கு முதலாளி எங்கள் இருவருக்கும் இலவசப் பரிசோதனை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். எனக்கு ஒன்றுமில்லை. என் கணவரின் வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. பழைய தழும்பாக இருக்கலாம், ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று அறிக்கை இரண்டே வரியில் வந்தது. புள்ளி எவ்வளவு பெரிது என்று அளவு போடவில்லை. அறிக்கை எழுதும் நடைமுறையை நான் வகுக்கவில்லை.

“ஒரு புள்ளிதானே மேடம்? கோலத்துக்கே பத்தாது” என்றார் அவர்.

அந்த ஒரு வருடமும் காலையில் கண் விழித்ததும் கைபேசியைப் பார்ப்பேன். பேக்கப் முடிந்தது என்று ஒரு பச்சை அடையாளம் வந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் பல் துலக்கப் போவேன். அந்தப் பச்சைக்குள் படங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே தினமும் பார்த்தேன், தினமும் திருப்தியாக இருந்தது. நகல் பெட்டி வரவில்லை. அடுத்த மாதம் என்பது ஒவ்வொரு மாதமும் ஒரு மாதம் தள்ளிப் போனது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. மையத்தில் அதைச் சனிக்கிழமை மதியம், வேலை முடிந்ததும் வைத்துக்கொள்வார்கள். ஸ்கேன் இயந்திரத்துக்கு மாலை, பிரிண்டருக்குச் சந்தனம், முதலாளியின் காருக்கு எலுமிச்சம்பழம். டயர் கடையிலிருந்து ஏறிவரும் கருந்தூசி சர்வருக்குள் அப்பிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்க வேண்டும் என்று ஐந்தாம் பக்கத்தில் இருப்பதால், அந்த நாளையே அதற்கும் வைத்திருந்தோம். கார்டுகளை நான் இல்லாமல் யாரும் கழற்றக் கூடாது என்பது விதி. ஆகவே நானே போனேன், கையேட்டோடும் முத்திரையோடும்.

என் கணவருக்கு மறு ஸ்கேன் அடுத்த வியாழக்கிழமை. ஜோகூர் பாருவில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தோம். பழைய படத்தைத் திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

சர்வரை முறைப்படி அணைத்தேன். மூடியைத் திறந்தேன். இரண்டு கார்டுகளையும் கழற்றிப் பித்தளைத் தட்டில் வைத்தேன், இடதை இடப்பக்கமும் வலதை வலப்பக்கமும். இரண்டும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சூட்டில் பசை இளகும், ஒட்டக் கூடாது என்று நான்தான் எழுதியிருந்தேன்.

“அக்கா, இந்தக் குட்டிச் சாமானா எல்லாத்தையும் இழுக்குது? அப்ப இதுக்குத்தான் மொதப் பொட்டு” என்று மாசாய்ப் பெண்மணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

“கார்டு மேல வைக்காதே. ஓரத்துல இரும்புப் பட்டை இருக்கு பார், அதுல வை.”

“சாமிக்கும் ரூல்ஸ் போடுறீங்க பாருங்க!”

இரண்டு கார்டுக்கும் ஒரே அளவில் பொட்டு வைத்தார். தட்டின் இரு பக்கத்திலும் ஒவ்வோர் எலுமிச்சம்பழம் வைத்தார். முன்னறையில் இருந்த சரஸ்வதி படத்தின் முன்னால் தட்டைக் கொண்டுபோனார். முதலாளி சூடம் காட்டினார். கும்பிட்டோம். நான் சர்வர் அறைக்குத் திரும்பி, பெட்டிக்குள் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாசாய்ப் பெண்மணி மேசைக்கு அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, எனக்கு எதிரே நின்று தட்டை நீட்டினார்.

கையேட்டை வாய்விட்டுப் படித்தேன். “விதி ஒன்பது. இடப்பக்கக் கார்டை இடது ஸ்லாட்டில் பொருத்தவும். விதி பத்து. வலப்பக்கக் கார்டை வலது ஸ்லாட்டில் பொருத்தவும்.” பொருத்தினேன். இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன.

விதி பதினொன்று: சர்வர் ஓடத் தொடங்கியதும், ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண்ணையும் திரையில் வாசித்துச் சரிபார்க்கவும். நான் நாற்காலியை இழுத்தபோது என் கணவர் மாடியேறி வந்தார்.

“மேடம், கார டபுள் பார்க் பண்ணிருக்கேன். டயர் கடைக்காரன் மொறைக்கிறான். சாமி போயாச்சு, நீங்க எப்போ வருவீங்க?”

“அங்கிள், உக்காருங்க லா. இல்லன்னா சுண்டலையாவது தப்பாவ் பண்ணிக்கோங்க” என்று முதலாளி பொட்டலம் கட்டக் காகிதம் எடுத்தார்.

திரையைப் பார்த்தேன். இரண்டு விஎம்களும் பச்சையாக இருந்தன. பதினொன்றாவது விதிக்கு எதிரே முத்திரையைக் குத்திவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அந்தப் பெண்மணி அழைத்தார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“அக்கா, ஒரு படமும் இல்ல.”

“சர்வர் ஓடுதா?”

“ஓடுது அக்கா. எல்லாம் நல்லா ஓடுது. படம்தான் இல்ல.”

போகும் வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சிக்னலில் நின்றபோது ஸ்டியரிங்கின் மேல் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். எதிரே நிற்பவரின் இடது எனக்கு வலது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம்.

கிராணியின் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. கேமரா விஎம்மின் பதிவேட்டில் எல்லாம் இருந்தது. சனிக்கிழமை மதியம், நான் முத்திரை குத்திய அதே நேரத்தில், அது தன் ஸ்லாட்டில் அறியாத ஒரு டிஸ்க்கைக் கண்டிருக்கிறது. பக்கம் பன்னிரண்டின்படி யாரையும் கேட்காமல் அழித்திருக்கிறது. நடுவில் கிராணி இருந்திருந்தால் அந்தக் கட்டளை அவர் மேசைக்கு வந்து, வேறொரு விஎம்மின் சொத்து என்று நின்றிருக்கும். சாவி கையில் இருந்ததால் நேரே டிஸ்க்குக்குள் போயிருக்கிறது. இந்த வகை டிஸ்க், முழுக்க அழி என்று நேராகச் சொன்னால் மிச்சம் வைக்காது. மீட்டெடுக்கும் கடைக்காரர் பிறகு பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

படங்கள் இருந்த இடத்தில் அது முதலில் பதிவு செய்திருந்ததை ஓடவிட்டேன். வாசல் கேமரா. டயர் கடை முன்னால் எங்கள் கார் டபுள் பார்க்கில் நிற்கிறது. என் கணவர் சுண்டல் பொட்டலத்தோடு வருகிறார். எனக்காகக் கதவைத் திறந்துவிடுகிறார். நான் ஏறிக்கொள்கிறேன். அவர் காரின் பின்பக்கமாகச் சுற்றிப் போகும்போது நின்று, ஒரு கையைக் காரின் கூரைமேல் ஊன்றிக் குனிந்து இருமுகிறார். வெகுநேரம் இருமுகிறார். பிறகு நிமிர்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்து உட்காருகிறார்.

காருக்குள் இருந்த நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி என் பின்னால் வந்து நின்றார். “அலமாக்… அன்ட்டி, பேக்கப் பச்சையாதானே இருந்துச்சு?”

“ஆமா தம்பி. பச்சையாதான் இருந்தது.”

நோயாளிகள் எல்லோருக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்றேன். சொன்னார்கள். பலருக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று ஆறுதலாவது இருந்தது. போன வருடத்து நெஞ்சை மறுபடி எடுக்க முடியாது.

என் கணவரிடம் சொல்லவில்லை. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் சோறு போட்டேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் இருமுகிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

வியாழக்கிழமை புதிய படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தார் நுரையீரல் டாக்டர். சீனப் பெண்மணி, மலாய் மொழியில் நிதானமாகப் பேசினார். புள்ளி ஒன்பது மில்லிமீட்டர் இருக்கிறது. போன வருடமும் ஒன்பதாக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுங்கள். போன வருடம் நாலாக இருந்திருந்தால் இந்த வாரமே உங்களை உள்ளே அனுமதிக்க வேண்டும். பழைய படம் எங்கே?

“மேடம்கிட்ட இருக்கும்” என்று என் கணவர் தமிழில் சொல்லி என் பக்கம் திரும்பினார். “கல்யாணத்துக்கு வாங்குன பாத்திரத்துக்கே ரசீது வச்சிருக்கிற ஆளு.”

அந்த அறையில் வைத்துத்தான் சொன்னேன். தட்டு, எதிரே நின்றது, பதினொன்றாவது விதி, படம் இருந்த இடத்தில் வாசல் வீடியோ எல்லாம். டாக்டருக்குத் தமிழ் புரியவில்லை; என் முகம் புரிந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார்.

என் கணவர் திரையில் இருந்த தன் நெஞ்சைப் பார்த்தார்.

“ஆக, நான் அவசரப்படுத்துனதாலதான்.”

“நீங்க இல்லைங்க. நான்.”

“ரெண்டு பேரும்னு வச்சுக்கலாம். சண்ட வேணாம்.”

புள்ளி இருந்த இடம் ஊசி போட்டு எடுக்கச் சௌகரியமான இடமில்லை, பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது என்றார் டாக்டர். இப்போதே திறந்து பார்க்கலாம். ஒன்றுமில்லாத தழும்புக்காக நெஞ்சைக் கிழித்ததாகவும் முடியலாம். அல்லது இன்றைய படத்தை முதல் படமாக வைத்துக்கொண்டு மூன்று மாதம் காத்திருந்து ஒப்பிடலாம். காத்திருக்கலாம் என்றார் என் கணவர். மறுத்துச் சொல்லும் தகுதி எனக்கு அன்று இல்லை.

காரில் வெகுதூரம் வந்த பிறகு கேட்டார், “அந்த வீடியோல நான் எப்படி இருந்தேன்?”

“சுண்டல் பொட்டலத்தோட வந்தீங்க. கதவத் தெறந்துவிட்டீங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

புதிய படத்தை மூன்று சிடியில் வாங்கினேன். ஒன்று அலமாரியில், ஒன்று பொந்தியானில் அவர் தங்கை வீட்டில், ஒன்று என் கைப்பையில். வாரம் ஒருமுறை மூன்றையும் திறந்து பார்த்தேன். தங்கை வீட்டுப் பிரதியைப் பார்க்க ஒவ்வொரு ஞாயிறும் பொந்தியான் போனோம். எதற்கு வருகிறோம் என்று அவளுக்குச் சொல்லவில்லை. திடீரென்று அண்ணிக்குப் பாசம் வந்துவிட்டது என்று அவள் மீன் குழம்பு வைத்தாள். முதலாளி அந்த மாதமே நகல் பெட்டி வாங்கிவிட்டார். கையேடு இப்போது பதினைந்து பக்கம்.

வீட்டில் என் கணவர் தண்ணீர்க் குழாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார். கூடத்திலேயே, என் எதிரிலேயே இருமினார். அது முன்னைவிட மோசமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

“பதினொன்று” என்றார்.

“மூணு மாசம் முன்னாடியே தெறந்திருந்தா?” என்று என் கணவர் மலாயில் கேட்டார். முந்தின வருடத்துப் படம் இருந்திருந்தால்தான் அதைச் சொல்லியிருக்க முடியும் என்றார் டாக்டர். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. விவரம் சொல்கிற குரல்.

அறுவை சிகிச்சை நாள் காலையில் நர்ஸ் வந்து அவருடைய வலது மார்பில் ஊதா நிறப் பேனாவால் ஓர் அம்புக்குறி வரைந்தார். நான் படிவத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தேன். பெயரைப் படித்தேன். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டு வாசித்து, படிவத்தில் இருந்ததோடு ஒப்பிட்டேன். படத்தைக் காட்டச் சொன்னேன். படத்தில் புள்ளி இடப்பக்கம் தெரிந்தது. நெஞ்சுப் படத்தில் அப்படித்தான் தெரியும், எதிரே நின்று பார்க்கிற மாதிரி, அவருக்கு வலது என்று நர்ஸ் பொறுமையாக விளக்கினார். எனக்குத் தெரியும் என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

“மேடம்” என்றார் என் கணவர். பச்சை அங்கியில் சின்னதாகத் தெரிந்தார். “தட்ட யாரும் திருப்பலையே?”

“இல்லைங்க.”

“அப்ப முத்திரையக் குத்து.”

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் அவர் வலப்பக்கமாக, அம்புக்குறி இருக்கும் பக்கமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரை நடந்தேன். கதவு திறந்தது. தலைமாடு உள்ளே போக வேண்டும் என்று ஊழியர் இருவர் சேர்ந்து கட்டிலை அப்படியே அரைச்சுற்றுத் திருப்பினார்கள். கம்பி என் கையிலிருந்து நழுவியது. கதவு மூடும்போது அவருடைய இடது கைதான் என் பக்கம் இருந்தது.